டைமிங்கை ஏற்றினால் பினியனை இறக்குங்கள்

ரிமோட் கார் ஓட்டுபவர்கள் பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறியதும் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கை வைப்பார்கள். ஒன்று, மோட்டார் அச்சில் மாட்டியிருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். இன்னொன்று, மோட்டாரின் பின்மூடியில் கோடு போட்டுக் குறித்திருக்கும் டைமிங். இரண்டுமே வேகத்தைக் கூட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டால் சில நிமிடங்களிலேயே மோட்டாரைத் தொட முடியாது. ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் எதை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

1/10 அளவு டூரிங் கார்களில் பெரும்பாலும் இருப்பது 540 அளவு மோட்டார். நடுவில் சுழல்வது ரோட்டார் என்ற நியோடைமியம் காந்த உருளை. அதற்கு ஒரு வட முனை, ஒரு தென் முனை. அதைச் சுற்றி, இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த கூட்டில் மூன்று கட்டமாகச் செம்புச் சுருள்கள். காந்தம் இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பின்மூடிக்குள் உள்ள மூன்று ஹால் சென்சார்கள் சொல்கின்றன. அதைக் கேட்டு, காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. பெட்டி எந்தச் சுருளுக்குக் கரண்ட் போக வேண்டும் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆறு மாற்றம், அதாவது 60 பாகைக்கு ஒன்று.

இங்கே நேரம் எவ்வளவு நெருக்கடியானது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. ஒரு சுற்றுக்கு 2 மில்லிநொடி, ஒரு மாற்றத்துக்கு ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மின்னழுத்தம் கொடுத்த உடனே சுருளில் கரண்ட் முழுசாக ஏறிவிடாது. மின்தூண்டல் அதைத் தடுத்து, மெதுவாகத்தான் ஏற விடும். கரண்ட் உச்சிக்கு வந்து சேர்வதற்குள் காந்தம் நல்ல கோணத்தைத் தாண்டிப் போய்விடும். கடைமடை வயலுக்கு விடியற்காலையில் தண்ணீர் வேண்டுமென்றால் மதகை முந்தின ராத்திரியே திறந்து விடுவார்கள் அல்லவா? அதைத்தான் டைமிங் செய்கிறது. காந்தம் உரிய இடத்துக்கு வருவதற்குச் சில பாகைகள் முன்பே சுருளுக்குக் கரண்டைத் திறந்து விடுகிறது.

இதுவரை லாபம் மட்டும்தான். டைமிங்கை இன்னும் ஏற்றினால் வேறொன்று நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, மோட்டாரின் உச்ச வேகம் எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சுழலும் காந்தம் சுருளுக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். பேட்டரியின் மின்னழுத்தத்தை அது நெருங்கியதும் கரண்டைத் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது, வேகம் அங்கேயே நின்றுவிடும். டைமிங்கை அதிகமாக முன்னே தள்ளும்போது சுருளில் உருவாகும் காந்தப்புலத்தின் ஒரு பகுதி ரோட்டாரின் புலத்துக்கு நேர் எதிராக வேலை செய்து அதைப் பலவீனப்படுத்துகிறது. புலம் குறைந்தால் எதிர் மின்னழுத்தமும் குறையும். அதனால் மோட்டார் இன்னும் மேலே சுற்ற இடம் கிடைக்கிறது. விலையும் அங்கேயேதான் இருக்கிறது. புலம் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை குறைகிறது.

பின்மூடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சின்னத் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தினால் மூடி அல்லது அதனுள் இருக்கும் சென்சார் தட்டு இடமும் வலமும் நகரும். ஓரத்தில் 0, 10, 20 என்று கோடுகள் இருக்கும். சென்சார்கள் நகர்வதால் காந்தம் வந்துவிட்டது என்ற செய்தி இ.எஸ்.சி.க்குச் சீக்கிரமே போகிறது, அவ்வளவுதான் இதன் தந்திரம். இது ஒரு திசைக்கு மட்டுமே பொருந்தும். முன்னே ஓடும்போது 30 பாகை முந்தினால், பின்னே எடுக்கும்போது அதே அளவு பிந்தும். ரிவர்ஸில் மோட்டார் சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், ஒரு கம்பெனியின் 30 இன்னொரு கம்பெனியின் 30 ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த எண்ணை உங்கள் மோட்டாருக்குள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் கம்பி இல்லாமல் ஓட்டினால் இந்த மூடியைத் திருப்புவதால் எதுவும் மாறாது. அப்போது டைமிங் முழுவதும் இ.எஸ்.சி.யின் மென்பொருளில்தான்.

சில இ.எஸ்.சி.களில் பூஸ்ட், டர்போ என்ற அமைப்புகளும் உண்டு. பூஸ்ட் வேகம் ஏற ஏற டைமிங்கைக் கூட்டும், டர்போ முழு திராட்டிலில் கூட்டும். இவை பின்மூடியின் டைமிங்கோடு சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. சுருளில் கம்பியை 17.5 அல்லது 21.5 முறை சுற்றிய மோட்டார்களுக்கான ஸ்டாக் பந்தயங்களில் பெரும்பாலும் இவற்றுக்கு அனுமதி இல்லை. இ.எஸ்.சி. அவற்றை அணைத்துவிட்டதற்கு அடையாளமாக அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். இப்படி ஓட்டுவதற்குப் பிளிங்கி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

சரி, கியருக்கு வருவோம். டாமியா டிடி-02 காரை எடுத்துக்கொள்ளலாம். பெட்டியில் வரும் பினியனுக்கு 22 பல், அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கு 70 பல், உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியல் விகிதம் 2.6. எழுபதை 22 ஆல் வகுத்து 2.6 ஆல் பெருக்கினால் 8.27. மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரத்தின் விட்டம் 64 மில்லிமீட்டர் என்று வைத்தால், மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் 24.3 மில்லிமீட்டர் நகர்கிறது. 20,000 சுற்றில் அது மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர். பினியனை 25 பல்லாக மாற்றினால் விகிதம் 7.28, வேகம் 33. காகிதத்தில் சுலபமான லாபமாகத் தெரியும். ஆனால் அதே சக்கரத்தைத் திருப்ப மோட்டார் இப்போது 14 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். டைமிங்கை ஏற்றியதால் மோட்டாரின் வெற்று வேகம், அதாவது சுமை இல்லாமல் சுற்றும் வேகம், 25 சதவீதம் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதே முறுக்குவிசைக்குக் கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடுதல் கரண்ட் தேவை. பினியனும் பெரிசாகிவிட்டால் 1.25 ஐ 1.14 ஆல் பெருக்க வேண்டும், 1.42 மடங்கு கரண்ட். சுருளில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடியில் ஏறும் என்பதால் சூடு இரண்டு மடங்காகிறது. டைமிங் மட்டும் என்றால் 1.56 மடங்கு, பினியன் மட்டும் என்றால் 1.3 மடங்கு. தனித்தனியாகத் தாங்கக்கூடிய இரண்டு மாற்றங்கள் சேர்ந்துதான் மோட்டாரை எரிக்கின்றன. டைமிங் மேலே சுற்ற இடம் கொடுத்து முறுக்குவிசையைக் குறைக்கிறது, பெரிய பினியனோ அதே முறுக்குவிசையைக் கூடுதலாகக் கேட்கிறது. டைமிங்கை ஏற்றும்போது பினியனில் ஒரு பல்லாவது குறைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சூடு ஏற ஆரம்பித்தால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பது இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 30 பாகையிலிருந்து 90க்குப் போனால் தடை 23 சதவீதம் அதிகம், அதே கரண்டுக்குக் கூடுதல் சூடு. நியோடைமியம் காந்தமும் சூட்டில் பலம் இழக்கும், பாகைக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். காந்தம் பலவீனமானால் முறுக்குவிசைக்கு இன்னும் கரண்ட் வேண்டும், அதுவும் சூடாகத்தான் மாறும். ஓர் எல்லை வரை ஆறியதும் பலம் திரும்பிவிடும், அதைத் தாண்டினால் திரும்பாது. அப்படிக் கெட்டுப்போன மோட்டாரைக் கண்டுபிடிப்பது சுலபம். கையில் பிடித்து வெறுமனே சுற்றவிட்டால் முன்பைவிட வேகமாகச் சுற்றும். காரில் மாட்டினால் இழுவை இருக்காது, சீக்கிரம் சூடாகும். வேகம் கூடிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு ஏமாந்துபோவதும் இங்கேதான். பல பந்தய மோட்டார்களில் ரோட்டாரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

ஆகவே என் பரிந்துரை, டைமிங்கை நடுவில் வைத்துவிட்டுக் கியரை முதலில் சரிசெய்வது. நேர்ப்பாதையின் பாதியிலேயே மோட்டார் உச்ச வேகத்தை எட்டி ஒரே சுருதியில் கத்திக்கொண்டு போனால் பினியனில் ஒரு பல் கூட்டலாம். வளைவு வந்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு பல் குறைக்கலாம். பினியனை மாற்றும்போது ஸ்பருக்கும் அதற்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து அழுத்தி மோட்டாரை இறுக்கிவிட்டு, காகிதத்தை எடுத்தால் பற்களுக்கு நடுவே தேவையான இடைவெளி கிடைக்கும். அதை மிக நெருக்கமாக வைத்தால் வரும் உராய்வுச் சூட்டை டைமிங்கால் வந்த சூடு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, வெப்பமானியால் மோட்டாரின் உடலில் அளந்து பாருங்கள். 70 பாகைக்குள் இருந்தால் நிம்மதி. வெளியே தெரிவதைவிட உள்ளே சுருளில் சூடு அதிகம், நிறுத்திய பிறகும் அது வெளியே வந்துகொண்டிருக்கும் என்பதால் ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அளப்பது நல்லது. காற்றின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே 10 பாகை கூடினால் மோட்டாரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். மாலையில் 65 காட்டிய செட்டிங்கை மதிய வெயிலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன்பே ஒரு பல் குறைந்த பினியனை மாட்டிவிடுங்கள்.