தான்சானியாவின் கிராமக் காப்புக்காடு: மரத்தை விற்கும் உரிமையும் மரத்தை எண்ணும் கடமையும்

தான்சானியாவின் காடுகளில் பெரும்பகுதி மியோம்போ எனப்படும் இலையுதிர் காடுதான். அதில் கணிசமான பரப்பு அரசுக் காப்புக்காடுகளுக்கு வெளியே, கிராம நிலங்களில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் கிராம நிலச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் வனச் சட்டமும் சேர்ந்து, அந்தக் காட்டைக் கிராமமே காப்புக்காடாக அறிவித்துத் தானே நிர்வகிக்க வழி செய்தன. அரசுக் காட்டை மக்களும் சேர்ந்து பேணும் கூட்டு நிர்வாகம் வேறு. அதில் கிராமம் பங்காளி மட்டுமே, இதில் கிராமமே பொறுப்பாளர்.

காப்புக்காடு அமைக்க, கிராம மக்கள் அனைவரும் கூடும் பேரவையின் ஒப்புதல் வேண்டும். பேரவை ஏற்ற பிறகு, இயற்கை வளக் குழு எல்லையைக் குறித்து, காட்டை அளந்து, நிர்வாகத் திட்டத்தையும் துணைவிதிகளையும் வரைகிறது. துணைவிதிகளுக்கு மாவட்ட மன்றம் இசைவளிக்கிறது.

இப்படி அறிவிக்கப்படாத கிராமக் காட்டில் வெட்டும் உரிமம் அரசு அலுவலரிடமிருந்து வருகிறது, கட்டணமும் அரசுக்கே போகிறது. வனச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட காட்டிலோ, மரத்துக்கு விலை வைப்பதும், விற்ற பணத்தையும் விதி மீறியவர்களிடம் வாங்கிய அபராதத்தையும் வைத்துக்கொள்வதும் கிராமத்தின் உரிமை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் நிற்பது ஒரே இன மரம்தான்; பணம் போய்ச் சேரும் இடம் மட்டும் மாறுகிறது.

இந்த உரிமையின் மதிப்பு காட்டின் பரப்பில் இல்லை, மர இனங்களின் கலப்பில் இருக்கிறது என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மியோம்போவில் எண்ணிக்கையில் மிகுந்து நிற்பவை பிராக்கிஸ்டீஜியா, ஜூல்பெர்னார்டியா பேரினங்களின் மரங்கள். அறுவை மரமாகச் சந்தை தேடுவதோ ம்பிங்கோ, ம்னிங்கா, ம்கோங்கோ போன்ற சிலவற்றை. கிளாரினெட், ஓபோ முதலிய இசைக்கருவிகள் செய்யப் பயன்படும் ம்பிங்கோ, நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. ம்னிங்கா நம் வேங்கைக்கு உறவு, வெட்டினால் வேங்கையைப் போலவே செந்நிறப் பால் வடிக்கும். ம்பிங்கோ மிக மெதுவாக வளர்வது. பல மரங்கள் கோணலாகவோ உள்ளீடற்றோ இருப்பதால், நிற்கும் மரத்தில் விற்பனைக்குத் தேறுவது ஒரு பங்கே.

ஆகவே கணக்கெடுப்பில் பருத்த மரங்களை மட்டும் எண்ணினால் போதாது. மாதிரிப் பரப்புகளில் ஒவ்வொரு மரத்தின் இனத்தையும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அதன் விட்டத்தையும் குறித்து, விட்ட அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் இனத்தில் முதிர்ந்த மரங்கள் இருந்து, நடுத்தரப் பருமனுள்ளவை அருகியிருந்தால், இன்று வெட்டுவதன் இடத்தை நிரப்ப நாளை மரம் இராது; அவ்வினத்தின் ஆண்டு வெட்டு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். விலைபோகும் இரண்டு மூன்று இனங்களையே நம்பியிருக்கும் கிராமம், அவை தீர்ந்ததும் பச்சைக் காட்டின் நடுவே வருவாயின்றி நிற்கும். ஏராளமாக நிற்கும், இன்று அதிகம் விலைபோகாத இனங்களுக்கும் சந்தை தேடுவது இதனால்தான் அவசியமாகிறது.

கில்வா மாவட்டத்தின் கிகோலே, கிசாங்கி கிராமங்கள் இவ்வழியில் சென்றவை. பொறுப்பான வன நிர்வாகத்துக்கான பன்னாட்டு எஃப்.எஸ்.சி. சான்றிதழ் 2009ஆம் ஆண்டு அவற்றின் காடுகளுக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மக்களே நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.