பிள்ளையின் கேமிங் கணினியில் தொழில் கணக்கு

வீட்டிலிருந்தே தொழில் தொடங்குபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கேமிங் கணினியிலேயே டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி வேலைகளையும் பார்த்துக்கொள்ளலாமா என்பதுதான். வன்பொருளைப் பொறுத்தவரை தாராளமாகப் பார்க்கலாம். 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள கணினிக்கு பில் போடுவதும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் ஒரு பொருட்டே அல்ல. விற்கும் புடவைகளின் படங்களைத் திருத்தவும் ரீல்ஸ் தயாரிக்கவும் கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே கைகொடுக்கும். கோவையில் சிறு தொழில்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து வரும் எனக்குத் தயக்கமெல்லாம், அந்தக் கணினியில் கேமோடு சேர்ந்து வேறு என்னென்ன ஏறுகின்றன என்பதில்தான்.

காசு கொடுத்து வாங்கிய கேமால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கிராக் (காசில்லாமல் கேமைத் திறப்பது), சீட் (குறுக்கு வழியில் ஜெயிப்பது), மோட் (கேமை மாற்றியமைப்பது) என்ற பெயர்களில் யூடியூப் காணொளிகளின் கீழேயும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியிலும் பகிரப்படும் கோப்புகள்தாம் வினை. அவை பலவும் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பாக வரும். வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடவுச்சொல். நிறுவும் முன் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்துவிடும்படி ஒரு குறிப்பும் கூடவே இருக்கும், பையன்களும் அதை அப்படியே செய்துவிடுகிறார்கள். இவ்வழியில் நுழையும் தகவல் திருடும் நிரல்களில் ஒன்றான லும்மாவை 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் பல நாட்டு அமைப்புகளுடன் சேர்ந்து முடக்கியபோது, ஏறத்தாழ இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது.

இந்நிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் சில நொடிகளில் அள்ளிச் சென்றுவிடும். புடவை விற்கும் ஒரு பெண்மணியின் இன்ஸ்டாகிராம் பக்கம் இப்படித்தான் பறிபோனது. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தும் ஓடிபி ஒன்றுகூட வரவில்லையே என்பதுதான் அவருக்கு விளங்காத புதிர். ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கியே களவு போன பிறகு, திருடனுக்கு மறுபடி உள்நுழைய வேண்டிய தேவையில்லை, ஆகவே ஓடிபியும் கேட்கப்படாது. பதற்றத்தில் அவர் அதே கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றியதால் புதியதும் கைமாறியது. கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகே அதைத் தொழிலுக்குத் திரும்பத் தொட வேண்டும். பணம் போயிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது நல்லது.

தடுப்பு வழி எளியது. விண்டோஸில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு, அதுவும் அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு யூசராக இருக்க வேண்டும். அட்மின் கடவுச்சொல் தொழில் செய்பவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். குரோமில் இரண்டு புரொஃபைல் வைத்திருக்கிறோமே என்று பலர் சொல்கிறார்கள். ஒரே விண்டோஸ் கணக்கின் கீழ் இருக்கும்வரை அவை ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள்தாம். "அம்மா, பாஸ்வேர்டு போடும்மா" என்று குரல் வந்ததும் சமையலறையிலிருந்து ஓடிவந்து, திரையைப் படிக்காமலேயே தட்டிக் கொடுக்கும் வீடுகளில் இந்த ஏற்பாட்டாலும் பயனில்லை.

டேலி தரவு தனிக் கதை. அது வழக்கமாக, கணினியின் எல்லா விண்டோஸ் கணக்குகளிலிருந்தும் போய்வரக்கூடிய பப்ளிக் கோப்புறைக்குள் இருக்கும். நிறுவனத்தின் தரவுக் கோப்புறைக்குப் பெயரோ வெறும் எண். 100 ஜிபி கேமுக்கு இடம் தேடும் பையனுக்கு அது குப்பையாகத் தெரிவதில் வியப்பில்லை (அழித்தால் மிச்சமாவது சில எம்பிதான்). ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆகவே தரவைத் தொழிலுக்கான விண்டோஸ் கணக்கின் கோப்புறைக்கு மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, அந்தப் பென் டிரைவைக் கழற்றி எடுத்து வையுங்கள்; செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இவ்வளவு கட்டுப்பாடு வீட்டில் நடக்காது என்று தோன்றினால், பழைய லேப்டாப் ஒன்றைத் தொழிலுக்கென்று ஒதுக்குவதே மேல் என்பது என் கருத்து. வாங்கும்போது அது விண்டோஸ் 11 ஏற்கும் கணினிதானா, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்று பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.