திரையில் தெரியும் இரட்டைக் கோடு ஓர் ஊகம்தான்

போன மாதம் ஒரு பட்டப்படிப்பு மாணவி மடிக்கணினியோடு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் எடுத்துக்கொண்டது சினமால்டிகைட்டு, கறுவாப்பட்டைக்கு மணம் கொடுக்கும் மூலக்கூறு (கொழும்பு 7ஐ இன்றைக்கும் கறுவாத்தோட்டம் என்றுதானே சொல்கிறோம்). அது ஒரு புரதத்தில் எப்படிப் போய்ப் பொருந்துகிறது என்று டொக்கிங் செய்திருந்தாள். “எல்லாம் முடிஞ்சுது மிஸ், ஒருக்கா பாருங்கோ” என்றாள். அட்டவணையில் மூலக்கூற்று நிறை 134 என்று இருந்தது. சினமால்டிகைட்டில் 9 காபன், 8 ஐதரசன், 1 ஒட்சிசன், நிறை 132. அந்த இரண்டு ஐதரசன் எங்கிருந்து வந்தன?

அவள் எங்கிருந்தோ இறக்கிய பிடிபி (PDB, புரத அமைப்புகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பிலிருந்துதான். அந்த வகைக் கோப்பில் அணுக்கள் நிற்கும் இடம் இருக்கும், எது எதோடு இணைந்தது என்பதும் இருக்கலாம், ஆனால் அந்தப் பிணைப்பு ஒற்றையா இரட்டையா (படத்தில் ஒரு கோடா, இரண்டு கோடா) என்று எழுதுவதற்கு முறையான இடமே இல்லை. அணுக்களின் இடத்தை மட்டும் எழுதும் எக்ஸ்ஒய்இசட் (XYZ) கோப்பில் இணைப்புகூடக் கிடையாது. ஆகவே மென்பொருள் தானே ஊகிக்கிறது. கோப்பு வடிவங்களை மாற்றும் ஓப்பன் பேபல் (Open Babel) என்ற மென்பொருள் முதலில் இரண்டு அணுக்களின் பங்கீட்டுவலு ஆரைகளை (பிணைப்பில் இருக்கும்போது அணுவின் அளவு) கூட்டி, அதோடு 0.45 அங்ஸ்ட்ரோம் (மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் அங்ஸ்ட்ரோம்) சேர்த்து, தூரம் அதற்குள் இருந்தால் பிணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் கோணங்களைப் பார்க்கும்: சராசரி 155 பாகைக்கு மேல் என்றால் மும்மைப் பிணைப்புக்கு ஏற்ற நேர்கோட்டு அணு, 115க்கு மேல் என்றால் இரட்டைப் பிணைப்புக்கு ஏற்ற தள அணு. அதன் பிறகுதான் தெரிந்த தொகுதிகள், தட்டையான வளையங்கள், வலுவளவு (ஓர் அணு போடக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கை) எல்லாவற்றையும் வைத்து இரட்டைக் கோடுகளைப் போடும்.

நல்ல முறைதான், ஆனால் ஆள்கூறுகள், அதாவது அணுக்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்கள், சரியாக இருந்தால் மட்டும். காபன்–காபன் ஒற்றைப் பிணைப்பு 1.54 அங்ஸ்ட்ரோம், இரட்டை 1.34, வித்தியாசம் வெறும் 0.20. பென்சீன் வளையத்தில் எல்லாம் 1.39 அளவில் நிற்கும், அங்கே நீளத்தை மட்டும் பார்த்து எது இரட்டை என்று சொல்லவே முடியாது. எக்ஸ் கதிரால் கண்டறிந்த புரத அமைப்புகளில் பெரும்பாலும் ஐதரசனும் தெரியாது. மாணவியின் கோப்பில் பக்கச் சங்கிலியின் கோணங்கள் 110க்குக் குறுகிக் கிடந்தன. மென்பொருள் அங்கே இருக்கும் காபன்–காபன் இரட்டைப் பிணைப்பை ஒற்றை என்று எடுத்து, மிச்ச வலுவளவை இரண்டு ஐதரசனால் நிரப்பிவிட்டது. அவள் மூன்று கிழமையாக டொக்கிங் செய்தது வேறொரு மூலக்கூறை. திரையில் படம் அழகாகவே இருந்தது, அதுதான் எனக்குப் பயம்.

சரி, என்ன செய்தோம்? பப்கெம் (PubChem) என்ற இணைய வேதித் தரவுத்தளத்திலிருந்து எஸ்டிஎஃப் (SDF) வகைக் கோப்பை எடுத்தோம், அதில் ஒவ்வொரு பிணைப்பும் ஒற்றையா இரட்டையா என்பது எழுத்திலேயே இருக்கிறது. புரதத்தோடு சேர்ந்து வரும் சிறு மூலக்கூறு என்றால் பிடிபி தளத்தின் வேதிக்கூறு அகராதியில் பாருங்கள். ஐதரசன் சேர்த்தவுடனே எண்ணிக்கையை உங்கள் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள், அரை நிமிட வேலை. ஆள்கூறுகள் மட்டும்தான் கையில் இருந்தால் ஆர்டிகிட் (RDKit) என்ற வேதியியல் நிரல் நூலகத்தில் மூலக்கூறின் மொத்த மின்னேற்றத்தையும் சரியாகக் கொடுங்கள். ஏற்றம் பிழைத்தால் பிணைப்பும் பிழைக்கும்.