கல்பாசி: மணத்துக்கா, மருந்துக்கா?

குமுளி, பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களில் மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் இலை இலையாய் ஒட்டியிருப்பது லைக்கன். அந்த வகையறாதான் போடி, கம்பம் மளிகைக் கடைகளில் கல்பாசி. (கடல்பாசி வேறு, கேட்டு வாங்குங்கள்.) பெயரில் பாசி இருந்தாலும், உடம்பில் பெரும்பகுதி பூஞ்சை. அதற்குள் குடியிருக்கும் பச்சைப்பாசி வெயிலில் சர்க்கரை செய்து கொடுக்கிறது.

பூஞ்சையின் செல்சுவரில் லைக்கனின் என்ற பீட்டா குளுக்கான் இருக்கிறது. ஓட்ஸில் உள்ள நார்ச்சத்துக்கு இது நெருங்கிய உறவு. நம் குடலுக்கு இதைச் செரிக்கும் நொதி கிடையாது. பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குத்தான் அது தீனி. ஆனால் கணக்கைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் குறைய ஓட்ஸ் பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் வேண்டும். ஒரு கிலோ கறிக்கு நாம் போடும் கல்பாசி இரண்டு மூன்று இதழ்தான். குழம்பில் அது மணம், அவ்வளவே.

லைக்கனினைச் சத்தாகப் பிரிப்பதென்றால் வேலை உண்டு. உலர்ந்த லைக்கனைப் பொடித்து முதலில் அசிட்டோனில் ஊறவைத்து லைக்கன் அமிலங்களை எடுத்துவிடுவார்கள். அவை தண்ணீரில் அநேகமாகக் கரையாது. விட்டுவிட்டால் கசப்பு போகாது. (ஐரோப்பாவில் ஐஸ்லாந்து பாசி என்ற லைக்கனைச் சாம்பல் நீரில் ஊறவைத்ததும் இதற்காகத்தான், சாம்பல் நீரின் காரத்தன்மையில் அமிலம் கரையும்.) பிறகு 90 டிகிரிக்கு மேல் வெந்நீரில் சில மணி நேரம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஐசோலைக்கனின் என்ற வேறொரு பொருள் மட்டும் வரும்; அயோடின் சொட்டினால் நீலமாகும், ஆனால் அது ஆல்பா குளுக்கான், நமக்கு வேண்டியதல்ல. வெந்நீரில் வடித்த சாற்றை உறையவைத்து உருக்கினால் லைக்கனின் அடியில் படியும், ஐசோலைக்கனின் கரைசலிலேயே நிற்கும்.

இதைவிடச் சிக்கல் சரக்குத் தேர்வில். மூட்டையில் பல இனங்கள் கலந்து வரும். தாடிபோல் தொங்கும் அஸ்னியாவைப் பொறுக்கி எறிய வேண்டும்: நனைத்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உடைந்து, நடுவில் வெள்ளை நரம்பு ரப்பர்போல் நீளும். அதில் உள்ள அஸ்னிக் அமிலம் கல்லீரலைக் கெடுக்கும். அது சேர்த்த, உடல் எடை குறைக்கும் மாத்திரை ஒன்றைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் எச்சரித்தது.

சாலையோர மரமும் வேண்டாம். லைக்கனுக்கு வேருமில்லை, மெழுகுத்தோலுமில்லை. மழையும் தூசியும் கொண்டுவரும் ஈயத்தை உடம்பு முழுக்க வாங்கிக்கொள்ளும். கழுவினால் தூசிதான் போகும்.

வளர்ச்சியோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இன்று சுரண்டிய பட்டை மறுபடி உள்ளங்கை அகலம் மூடப் பல வருஷமாகும். டன் கணக்கில் ஆலைக்கு அனுப்பும் சரக்கல்ல இது. காற்றில் முறிந்து விழுந்த கொப்பில் இருப்பதைப் பொறுக்கினால் அஞ்சறைப் பெட்டிக்குத் தாராளம்.