கவுண்டஸ்: பிறப்பால் வருவதும் மணத்தால் வருவதும்

கவுண்டஸ் என்ற சொல்லுக்கு ‘எர்ல் பட்டம் உடைய பிரபுவின் மனைவி’ என்று பொருள் எழுதினால் பாதிதான் சரி. எர்ல் பட்டத்தைத் தானே சுமக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். ஸ்காட்லாந்து வரலாற்றைத் தமிழில் எழுதும்போது பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் லத்தீன் ‘கோமெஸ்’, அதாவது உடன்செல்பவன். பேரரசனுடன் கூடவே இருந்த அதிகாரிகளைக் குறித்த அது, பழைய பிரெஞ்சில் ‘கோன்ட்’ ஆகி, அதன் பெண்பால் ஆங்கிலத்துக்குள் கவுண்டஸாக வந்து சேர்ந்தது. மாவட்டம் போன்ற நிலப்பிரிவைக் குறிக்கும் ‘கவுண்டி’யும் இதே குடும்பம்தான். (கொங்குநாட்டுக் கவுண்டருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) வேடிக்கை என்னவென்றால், ஆண்பாலான ‘கவுண்ட்’ பிரிட்டனில் ஊன்றவே இல்லை. ஆணுக்குப் பழைய ஆங்கிலச் சொல்லான ‘எர்ல்’ நிலைத்தது. அதற்குப் பெண்பால் வடிவம் இல்லாததால் பிரெஞ்சு வழி வந்த சொல்லைப் பெண்ணுக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் எர்ல் என்ற பெயர் வருமுன் அந்த இடத்தில் இருந்தது ‘மோர்மேர்’ என்ற கேலிக் மொழிப் பட்டம்.

மேலிருந்து கீழாக வரிசை முறை இது: டியூக், மார்க்வெஸ், எர்ல், வைகவுண்ட். ஐந்தாம் படியில் இங்கிலாந்தில் ‘பேரன்’ (Baron, பிள்ளையின் மகன் அல்ல) என்ற பட்டக்காரர் நிற்பார். ஸ்காட்லாந்தில் ‘லார்ட் ஆஃப் பார்லிமென்ட்’ நிற்பார். ஸ்காட்லாந்துப் பேரன் என்பது பழைய நிலவுடைமையோடு ஒட்டிய வேறு பட்டம். அதை இந்த ஐந்தில் சேர்த்து எண்ணக் கூடாது.

பட்டம் யாருக்குப் போகும் என்பதைப் பணமும் உயிலும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பட்டம் உண்டானபோது அமைந்த வாரிசு விதிதான் தீர்மானிக்கும். பிற்காலப் பட்டங்கள் பெரும்பாலும் ‘உடல்வழி ஆண் வாரிசுக்கு’ என்று அரச சாசனத்தில் எழுதப்பட்டவை. ஸ்காட்லாந்தின் பழைய எர்ல் பட்டங்கள் சிலவற்றில் அந்தக் கட்டு கிடையாது. மகன் இல்லையென்றால் மூத்த மகளுக்கே போகும். இங்கிலாந்தின் பழைய பேரன் பட்டங்கள் பலவற்றில் இரண்டு மகள்கள் இருந்தால் உரிமை இருவருக்கும் சமமாகப் பிரிந்து, பட்டம் யாருக்கும் இல்லாமல் தொங்கலில் நிற்கும். ஸ்காட்டிஷ் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

சதர்லாந்துக் கவுண்டஸ் எலிசபெத்தின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1765இல் பிறந்தவர். மறு ஆண்டே, 18ஆம் எர்லான தந்தையும் தாயும் பாத் நகரில் காய்ச்சலில் இறந்துபோனார்கள். ஒரு வயதுக் குழந்தையின் பட்டத்துக்கு இரண்டு ஆண்கள் போட்டிக்கு வந்தார்கள். ஒருவர் சர் ராபர்ட் கார்டன், மற்றவர் ஃபோர்ஸ் ஊரின் ஜார்ஜ் சதர்லாந்து. ‘இந்தப் பட்டம் பெண்ணுக்குப் போகாது’ என்பதுதான் இருவர் வாதமும். குழந்தையின் காப்பாளர்களில் ஒருவரான நீதிபதி லார்ட் ஹெய்ல்ஸ் பழைய ஆவணங்களைத் தோண்டி மறுப்பு எழுதினார். 1514இல் எர்ல் ஜான் இறந்தபோது பட்டம் அவருடைய சகோதரி எலிசபெத்துக்குப் போயிருந்தது. அவர் 10ஆம் கவுண்டஸ். அதனால், கார்டன் குலத்துக்கு இந்தப் பட்டத்தோடு உறவு வந்ததே ஒரு பெண் வழியாகத்தான், அவர் மணந்த ஆடம் கார்டனால். அந்தக் குலத்தவரே பெண்வழி செல்லாது என்று வழக்காடியதை என்ன சொல்வது! 1771 மார்ச்சில் பிரபுக்கள் சபை சிறுமியின் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் 19ஆம் கவுண்டஸ்.

1785இல் அவர் ஜார்ஜ் லெவ்சன்-கோவரை மணந்தார். கணவர் 1803இல் ஸ்டாஃபோர்டு மார்க்வெஸ் ஆனதும் மனைவி மார்ஷனஸ். 1833இல் அவரை சதர்லாந்து டியூக் ஆக்கியதும் மனைவி டச்சஸ். அன்றிலிருந்து 1839இல் இறக்கும்வரை அவரை ‘டச்சஸ்-கவுண்டஸ்’ என்றே அழைத்தார்கள். அந்த இரட்டைப் பெயரில் முன்பாதி மணத்தால் வந்தது, பின்பாதி பிறப்பால் வந்தது. பரந்த மலைநிலமும் பின்பாதியோடு வந்ததுதான். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ஆட்டுப் பண்ணைகளுக்கு நிலத்தைக் கொடுத்த கொடுமை நடந்தது அவர் காலத்தில். பழியைக் கணவர் மேலும், மேலாளர் பேட்ரிக் செல்லர் மேலும் மட்டும் போட்டுவிட்டு இவரை ஒதுக்கி எழுதுவது, அவர் வெறும் ‘டியூக்கின் மனைவி’ என்ற அரைகுறைப் பொருளின் விளைவு.

அவர் இறந்த 1839 முதல், டியூக், எர்ல் என்ற இரண்டு பட்டங்களும் 124 ஆண்டுகள் ஒரே ஆளிடம் இருந்தன. 1963இல் 5ஆம் டியூக் பிள்ளையில்லாமல் இறந்ததும் பிரிந்தன. டியூக் பட்டம் ஆண்வழி தேடி எல்ஸ்மியர் எர்லான ஜான் எகர்ட்டனிடம் போனது. எர்ல் பட்டம் தம்பி மகள் எலிசபெத்துக்கு வந்தது; அவர் 24ஆம் கவுண்டஸ். அவர் கணவர் சார்லஸ் ஜேன்சனுக்கு அதனால் எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. மணவழிப் பட்டம் கணவனிடமிருந்து மனைவிக்குப் பாயும். இன்றைய வழக்கில் மறுபக்கம் பாயாது. ஆடம் கார்டன் காலத்தில் மட்டும் மனைவி உரிமையால் கணவன் எர்ல் என்று வழங்கப்பட்டது உண்டு.

தமிழில் என்ன எழுதலாம்? ‘இளவரசி’ கூடாது, அது அரசகுலத்துக்கு. ‘ஜமீன்தாரிணி’யும் பொருந்தாது, ஜமீன் நிலத்தோடு கட்டியது, இந்தப் பட்டமோ நிலத்தை ஒரு காணி விடாமல் விற்றாலும் போகாது. டச்சஸுக்குக் ‘கோமகள்’ என்று நம் செய்தித்தாள்களில் வழக்கம் வந்துவிட்டது, அதை இங்கே இழுத்தால் இரண்டு படிகளும் கலந்துவிடும். பொதுவாகச் சொல்லும் இடத்தில் ‘சீமாட்டி’ போதும். ஸ்ரீமான் சீமான் ஆகி அதன் பெண்பாலாக வந்த சொல் அது. மனைவிக்கும் உரிமையாட்டிக்கும் ஒத்துப்போகும். படிநிலை முக்கியமான இடத்தில் கவுண்டஸையே வைத்துக்கொண்டு ‘தன்னுரிமைக் கவுண்டஸ்’, ‘மணவழிக் கவுண்டஸ்’ என்று பிரிப்பதே நல்லது. எந்த வகை என்று தெரியவில்லையா, வரிசை எண்ணைப் பாருங்கள். தன்னுரிமையாட்டி எண்ணில் சேர்வார்: 18ஆம் எர்ல், 19ஆம் கவுண்டஸ், அவர் மகன் 20ஆம் எர்ல். மனைவிக்கு முறைப்படி எண் கிடையாது.

இன்னொரு வழக்கமான பிழை ‘லேடி’யில் நேர்கிறது. கவுண்டஸ் எந்த வகையானாலும் ‘லேடி சதர்லாந்து’ என்று பட்டப்பெயரோடுதான் வரவேண்டும். ‘லேடி எலிசபெத்’ என்று சொந்தப் பெயரோடு எழுதினால் டியூக், மார்க்வெஸ், எர்ல் ஆகியோரின் மகள் என்று பொருளாகிவிடும். இணையத்தில் ஸ்காட்லாந்து மண்ணில் ஒரு சதுர அடி வாங்கி ‘லேடி’ ஆகலாம் என்று விற்கிறார்களே, அது நினைவுப் பரிசு. நிலக்கிழாரைக் குறிக்கும் ‘லேர்ட்’ என்ற சொல்லே பிரபுப் பட்டம் அல்ல. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரையும் சீமாட்டி என்று எழுத வேண்டியதில்லை.