உங்கள் குறையை நாடாளுமன்றக் கேள்வியாக்குவது எப்படி?

எம்.பி. ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பி.ஏ. மனுவை வாங்கிக்கொள்வார். "சார் வந்ததும் சொல்றேம்மா, வச்சிட்டுப் போங்க" என்பார். கொஞ்ச நாள் கழித்து எம்.பி.யின் லெட்டர் பேடில் ஒரு கடிதம் டெல்லிக்குப் போகும். அமைச்சகம் அதை மாநில அரசுக்கு அனுப்பும். மாநில அரசு கலெக்டருக்கு அனுப்பும். கலெக்டர் ஆபீஸ் தாசில்தாருக்கு அனுப்பும். கடைசியில், முதலில் யார் உங்களை விரட்டினாரோ அவருடைய மேஜைக்கே அது வந்து சேரும். அவர் "விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்.

இதே விஷயத்தை அந்த எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கொடுத்து, அது ஏற்கப்பட்டுப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டால் கதை வேறு. பதில் சொல்ல ஒரு தேதி குறிக்கப்படும். அந்தத் தேதியில் அமைச்சர் பெயரில் எழுத்துப்பூர்வமான பதில் அவையில் வைக்கப்பட வேண்டும். அதைக் கீழே இருக்கிற ஆபீசுக்குத் தள்ளிவிட முடியாது. மக்களவை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தேடிப் படிக்கலாம். இவ்வளவு வலுவான வழி இருந்தும், மக்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் கேட்டாலும், கேள்வி தவறாக எழுதப்பட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அந்தத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விவரம் இவ்வளவு போதும். கேள்வி இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாவது வகை 230. மாநிலங்களவையில் 15, 160. எவையெவை பட்டியலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்.

முதல் பொறி, தவறான அவை. நாடாளுமன்றத்தில் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளதை மட்டுமே கேட்க முடியும். பட்டா, ரேஷன் அட்டை, அரசு பஸ், மின் இணைப்பு இதெல்லாம் எம்.எல்.ஏ. மூலமாகச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியவை. ஆனால் மக்களுக்குப் பணம் வருகிற திட்டங்கள் பலவும் மத்திய, மாநில அரசுகளின் பங்கு கலந்தவை. குழப்பமே அங்கேதான்.

முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய் கிடைக்கிறது. இதில் மத்தியத் திட்டத்தின் கீழ் வருகிற 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு டெல்லி கொடுப்பது 200 ரூபாய்தான். 80 வயதிலிருந்து 500. மீதி மாநில அரசின் பணம். ஒரு பாட்டிக்குத் திடீரென்று தொகை நின்றுவிட்டால், அது தனி தாசில்தார் ஆபீசில் நடந்த நீக்கம். எம்.பி.யிடம் போய்ப் பயனில்லை. "பல வருடமாக இந்த 200 ரூபாயை ஏன் உயர்த்தவில்லை, மத்தியத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு எத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறீர்கள்" என்பது எம்.பி. கேட்க வேண்டியது. "எங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், எந்தக் காரணத்துக்காக" என்பது எம்.எல்.ஏ. கேட்க வேண்டியது. ஒரே பிரச்சினைதான், ஆனால் இரண்டு கேள்வி, இரண்டு அவை. இதைப் பிரிக்காமல் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு இடத்திலும் அடிபடும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையும் அப்படியே. மத்தியப் பங்கு 60 சதவீதம், மாநிலப் பங்கு 40. பணம் வராத மாணவனிடம் அவர்களைக் கேள் என்று ஒருவர் மேல் ஒருவர் கையைக் காட்டுவார்கள். எந்தத் தேதியில் யார் எவ்வளவு விடுவித்தார்கள் என்று இரண்டு அவையிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்கினால்தான் பணம் யார் பக்கம் நிற்கிறது என்று தெரியும்.

அடுத்தது, ஒருவருடைய சொந்தக் கதையை அப்படியே கேள்வியாக்குவது. "எங்கள் ஊர் இன்னாருக்கு ஏன் பணம் வரவில்லை" என்று எழுதினால் பொது முக்கியத்துவம் இல்லை என்று நாடாளுமன்றச் செயலகம் நிராகரித்துவிடும். அந்த மனிதருக்கு நடந்தது அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் விதி அதைப் பார்க்காது. அவரைப் போல எத்தனை பேர், எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு தொகை என்று மாற்றினால் அது கொள்கை பற்றிய கேள்வியாகிவிடும். பெயர், ஆதார் எண் எதையும் கேள்விக்குள் வைக்காதீர்கள்.

கோபத்தையும் அதில் ஏற்ற வேண்டாம். மக்களவையில் கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், நையாண்டி, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. "ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் இந்த அரசு எப்போது கண் திறக்கும்" என்று எழுதிக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அந்த ஒரு வரியால் கேள்வி முழுவதும் போய்விடும்.

நன்றாக எழுதப்பட்ட கேள்வி இப்படி இருக்கும்:

"ஊரக வளர்ச்சி அமைச்சர் பின்வரும் விவரங்களைத் தெரிவிப்பாரா: (அ) மத்திய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கடந்த மூன்று நிதியாண்டுகளில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவிடப்பட்ட தொகை எவ்வளவு, ஆண்டு வாரியாக, (ஆ) தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட பயனாளிகள் உச்சவரம்பு எவ்வளவு, அது கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, (இ) 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கான 200 ரூபாயை உயர்த்தும் யோசனை உள்ளதா, இருந்தால் எப்போது, இல்லையெனில் காரணம் என்ன?"

இதில் (அ) பகுதியைக் கவனியுங்கள். செலவு பற்றிக் கேட்கும்போது ஒதுக்கியது, விடுவித்தது, செலவிட்டது மூன்றையும் தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும். "எவ்வளவு பணம் கொடுத்தீர்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் பட்ஜெட்டில் ஒதுக்கிய பெரிய தொகையை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். விடுவித்தது அதில் பாதியாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமலே போகும். அதேபோல "இல்லையெனில் காரணம் என்ன" என்பதை விட்டுவிட்டால் "அப்படி யோசனை எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடும்.

நேரம் இன்னொரு பொறி. பதில் சொல்லும் தேதிக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே எம்.பி. கேள்விக்கான நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள்; அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர். மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியபின் மனுவோடு ஓடினால் நாட்கள் போய்விட்டிருக்கும். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததுமே எந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதி, நோட்டீசுக்குக் கடைசி நாள் எது என்ற அட்டவணை வெளியாகும். பி.ஏ.விடம் கேட்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான். மக்களவையில் ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு ஐந்து நோட்டீஸ்களுக்கு மேல் கொடுக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். அந்த ஐந்தில் ஒரு இடத்துக்கு உங்கள் கேள்வி தயாராக, ஆங்கிலத்தில் டைப் செய்யப்பட்டு இருந்தால் வாய்ப்பு அதிகம். மனுவைப் படித்து அதிலிருந்து கேள்வி தயாரிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க முடியாது. அப்புறம் என்ன செய்வது? தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பக்கத்துத் தொகுதி எம்.பி.யிடமோ மாநிலங்களவை உறுப்பினரிடமோ போகலாம். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகிற பொதுமக்கள் மிகக் குறைவு.

நட்சத்திரக் கேள்வியாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். துணைக் கேள்விக்கு வாய்ப்பு இருப்பது பெரிய பலம்தான். 1957-ல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்ட விஷயம் நாடாளுமன்றத்தில் கேள்விகளாகக் கிளம்பித்தான், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-ல் பதவி விலகும் வரை போனது. ஆனால் கேள்வி நேரம் என்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் இருபது கேள்வியும் முடிவது அபூர்வம். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் ஒன்றுகூட வராது. அப்போது நட்சத்திரக் கேள்விக்கும் எழுத்தில்தான் பதில். உங்களுக்குத் தேவை புள்ளிவிவரம் என்றால் நட்சத்திரம் இல்லாத கேள்வியே போதும்.

பணம் கொடுத்தால் கேள்வி கேட்க வைக்கிறேன் என்று யாராவது வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கேள்விக்குப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியிழந்தார்கள். கேள்வி கேட்பதற்குக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சரி, பதில் வந்துவிட்டது. உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் பதிலின் தலைப்பைப் பாருங்கள். (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு தனிக் கேள்வி கேட்டிருப்பீர்கள். பதிலில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். கீழே திட்டம் எப்போது தொடங்கியது, அதன் நோக்கம் என்ன என்று இரண்டு பத்தி. நீங்கள் கேட்ட (இ) அதற்குள் காணாமல் போயிருக்கும். கேள்வித் தாளையும் பதில் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பதில் இருக்கிறதா என்று பென்சிலால் குறியுங்கள். விடுபட்டதை அடுத்த கூட்டத்தொடரில், முந்தைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தனிக் கேள்வியாகக் கேளுங்கள். முழுக் கேள்வியையும் மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று என்று தள்ளிவிடுவார்கள்.

"விவரம் பராமரிக்கப்படவில்லை" என்ற பதிலும் வரும். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படி ஒரு விவரம் இல்லை என்றுதான் தொழிலாளர் அமைச்சகம் சொன்னது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்களைக் கேட்டபோது, மாநிலங்கள் அப்படிக் குறிப்பிட்டு எதையும் தெரிவிக்கவில்லை என்று வந்தது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அதைப் படித்தபோது பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. ஆனாலும் அந்தப் பதில்களை வீண் என்று சொல்ல மாட்டேன். அரசு கணக்கே வைத்திருக்கவில்லை என்பது அரசின் வாயாலேயே பதிவாகிவிட்டது. இழப்பீடு கேட்டுப் போராடுகிறவர்கள் கையில் அது ஒரு ஆதாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தேட வேண்டிய சொற்கள்: "பரிசீலனையில் உள்ளது", "விவரங்கள் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்", "ஆய்வு செய்யப்படும்". படிக்கிறவருக்கு இது மழுப்பலாகத் தெரியும். மக்களவையின் கணக்கில் இவை அரசு கொடுத்த உறுதிமொழி. 1953 முதல் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. வருடக்கணக்கில் நிலுவையில் கிடப்பவையும் ஏராளம், அதை மறைக்க முடியாது. அதனால் மூன்று மாதம் முடிந்ததும் எம்.பி. ஆபீசுக்குப் போய், அந்தப் பதில் உறுதிமொழியாகப் பதிவாகியிருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் குழுவுக்கு எழுதச் சொல்லுங்கள்.

சட்டமன்றத்துக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே கேள்வி எழுதும் முன், மானியக் கோரிக்கை விவாதத்தின்போது (துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்கும் விவாதம்) ஒவ்வொரு துறையும் வெளியிடுகிற கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிடுங்கள். தமிழிலேயே இருக்கும். எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று துறையே அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கும் உங்கள் ஊர் நிலவரத்துக்கும் பொருந்தாத இடத்தில் கேள்வியை வையுங்கள்.

அமைச்சர் சொன்ன தகவலே தவறாக இருந்தால்? மக்களவையில் சபாநாயகரின் 115-ஆம் வழிகாட்டுதல்படி, பதிலில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டி எம்.பி. சபாநாயகருக்கு எழுதலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். வங்கிப் பாஸ்புக் பக்கம், நிராகரிப்புக் கடிதம், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், எது இருந்தாலும் தேதி தெரிகிற நகலாக எடுத்து, கேள்வி எண்ணை மேலே எழுதி எம்.பி.யிடம் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.