பால் மாட்டுக்கு ஆகாத பிண்ணாக்கு கிடாவுக்கு மட்டும் ஆகுமா?

தை மாதம் ஒரு பண்ணைக்குப் போனேன். முப்பது தலைச்சேரி ஆடுகள், ஒரு பொலிகிடா. கிடா ஏறுகிறது, சினை நிற்பதில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஆடு மறுபடி கத்துகிறது. "ஆட்டுக்கெல்லாம் ஒரு ஊசி போட்டுவிடுங்க சார்" என்றார் பண்ணைக்காரர். முதலில் கிடாவைப் பார்ப்போம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. சினை நிற்காவிட்டால் பழி பெட்டைக்குத்தான். மனிதரிலும் இதே கதைதான், அது என் துறை இல்லை.

நல்ல கிடாவின் விந்து ஆடைத் தயிர் மாதிரி இருக்கும். ஒரு சொட்டை வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேகம் சுழல்கிற மாதிரி அலையடிக்கும். இது நீர்மோர் போல இருந்தது, அலையே இல்லை. சாயம் போட்டேன். செத்த விந்தணு சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும், உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும். பாதிக்கு மேல் சிவப்பு. வால் சுருண்டவையும் ஏராளம்.

கருச்சிதைவு நோய்க் கிருமியான புருசெல்லா இல்லை. காய்ச்சல் வந்ததில்லை. விதையில் வீக்கமும் இல்லை. சரி, தீவன அறையைக் காட்டுங்கள் என்றேன். கதவைத் திறந்ததுமே அந்த முக்கல் வாடை. சுவரோடு ஒட்டி, வெறும் சிமென்ட் தரையில் கடலைப் பிண்ணாக்கு மூட்டைகள். ஐப்பசி மழையில் செட்டு ஒழுகியதாம். அடி மூட்டையைப் பிரித்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம்.

"இது பால் மாட்டுக்குப் போடறதில்லைங்க சார். கிடாவுக்குத்தான்."

இந்த வருடம் இந்தப் பதிலைக் கேட்பது ஐந்தாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூசணப் பிண்ணாக்கில் இருக்கும் அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சு, மாட்டின் ஈரலில் எம்1 என்ற வடிவமாக மாறிப் பாலில் இறங்கும். பாலுக்கு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது, மீறினால் பாலைத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, விழிப்புணர்வு வந்துவிட்டது, பாதி மட்டும். கெட்ட மூட்டை பால் மாட்டிடமிருந்து தப்பி, காளைக்கும் கிடாவுக்கும் போய்ச் சேருகிறது. அவற்றின் விந்தைத்தான் யாரும் சோதிப்பதில்லையே!

அப்புறம், எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற வாக்கியம்: "வெயில்ல காயப்போட்டுத் தட்டிட்டேங்க, சரியாப்போச்சு." ஐயா, சரியாகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பூசணம் வேறு, அது சுரந்து வைத்த நஞ்சு வேறு. பூசணத்தை வெயில் கொல்லும், தட்டினால் உதிரும். நஞ்சு பிண்ணாக்குக்குள்ளேயே இருக்கும். ஊறவைத்தாலும் இருக்கும். கொதிக்க வைத்தாலும் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அஃப்ளடாக்சின் சிதைய 230 டிகிரிக்கு மேல் வேண்டும். வேப்பிலை, மஞ்சள், உப்பு எதைத் தூவினாலும் அது அசையாது. மேலே பூசணமே தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம். "ஆடு எதைத் தின்னாலும் செரிச்சுடும்" என்பார்கள். இரைப்பை சில நஞ்சுகளை உடைக்கும் என்பது உண்மை. ஆனால் அஃப்ளடாக்சினைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மக்காச்சோளப் பூசணத்தில் வரும் சீரலினோன் என்ற நஞ்சையோ, இரைப்பையே அதைவிட வீரியமுள்ள வடிவமாக மாற்றிக் கொடுக்கிறது.

கிடாவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? கீழ்பவானிப் பாசனத்தில் இருப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, எந்த மடை எந்த முறையில் திறக்கிறது என்பதில்தான் விளைச்சல். உடம்பின் எல்லா செல்லிலும் அதே ஜீன்கள்தான். விதையில் மூல செல் விந்தணுவாக மாறும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் சில ஜீன்கள் திறக்க வேண்டும், சில மூட வேண்டும். டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகளும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இருக்கும் குறிகளும்தான் மடைக்காரர்கள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலான ஹிஸ்டோன்கள் கழன்று, புரோட்டமின் என்ற சின்னப் புரதம் டிஎன்ஏவை இறுக்கிக் கட்டும். கட்டிய பிறகு விந்தணுவால் எதையும் பழுது பார்க்க முடியாது.

ஈரலில் அஃப்ளடாக்சின் ஜீனின் எழுத்தையே மாற்றும், பி53 என்ற காவல் ஜீனில் குறிப்பிட்ட ஓர் இடத்தில். ஈரல் புற்றுநோய்க்கு அது பேர்போன வழி. விதையில் எழுத்து அப்படியே இருந்தாலும் முறை கெடும். எலிகளில் பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தயாரிக்கும் செல்களில் கொழுப்பை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்டார் என்ற புரதத்தின் ஜீனும், அதற்கு அடுத்த நொதிகளின் ஜீன்களும் அஃப்ளடாக்சினால் அடங்கிப் போகின்றன. ஹார்மோன் குறைந்தால் விந்தணு வளர்ச்சி பாதியில் நிற்கும். சீரலினோன் இன்னும் கள்ளத்தனமானது. பெண் ஹார்மோன் போல வேஷம் போட்டு ஈஸ்ட்ரஜன் ஏற்பியில் உட்காரும். அந்த ஏற்பியே ஒரு ஜீன் சுவிட்ச். சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தபோது விந்துச் செல்களில் மெத்தில் குறிகளும் ஹிஸ்டோன் குறிகளும் மாறியிருந்தன. கிடா வெளியே கொழுகொழுவென்று நிற்கும். எடை குறையாது, தீனி குறையாது. அதனால்தான் நீங்கள் நம்புவதில்லை.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். கிடாவில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 48 நாள், பிறகு விதையோடு ஒட்டிய சுருள் குழாயில் முதிர்ந்து வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு நாள். மொத்தம் இரண்டு மாதம். காளைக்கு உருவாக மட்டுமே 61 நாள். ஐப்பசியில் தின்றது மார்கழியில்தான் தெரியும். "இப்ப நல்ல தீவனம்தானே போடறேன்" என்று தை மாதம் சொல்வதில் பயனில்லை. இன்று மாற்றினாலும் பலன் தெரிய அதே இரண்டு மாதம் ஆகும். பத்து நாளில் "உங்க வைத்தியம் வேலை செய்யலைங்க" என்று போன் செய்யாதீர்கள், தயவுசெய்து.

பூசணம் என்றால் சும்மாவா? 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். தின்றது கடலைப் பிண்ணாக்குத்தான். 1974ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். நைஜீரியாவின் பெனின் நகரில், குழந்தையில்லாத ஆண்களின் விந்திலேயே அஃப்ளடாக்சினைக் கண்டிருக்கிறார்கள். பூத்த கடலைப் பருப்பைத் தரம் பிரித்துச் செக்குக்கு அனுப்பும் வழக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். நஞ்சு எண்ணெயில் கொஞ்சம் போகும், மிச்சமெல்லாம் பிண்ணாக்கில் தங்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள், சுவருக்கும் மூட்டைக்கும் ஓரடி விடுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், விலை குறைவு என்றாலும். மக்காச்சோளம் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஒரே மூட்டையின் மேற்பிடியை அனுப்பாதீர்கள், நஞ்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பத்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து அனுப்புங்கள். நஞ்சை உறிஞ்சும் களிமண் பொடி கடையில் கிடைக்கிறது. அஃப்ளடாக்சினுக்கு ஓரளவு உதவும், சீரலினோனுக்கு அதை நம்பாதீர்கள். கெட்ட தீவனத்தைத் தின்ன வைக்க அது அனுமதிச் சீட்டும் இல்லை.

அந்தப் பண்ணையின் மாதிரியில் அஃப்ளடாக்சின் வரம்புக்கு மேல் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு கிடா கொண்டுவந்தார்கள். இவருடைய கிடாவின் விந்தைப் பங்குனியில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

"மிச்சம் பதினோரு மூட்டை இருக்குங்களே, என்னங்க சார் பண்றது?"

"குழி வெட்டிப் புதைச்சுருங்கண்ணா. மூக்கைக் கட்டிக்கிட்டு அள்ளுங்க."

"கோழிக்கு..."

"கோழிக்கும் வேண்டாம். வாத்துக்கு வேண்டவே வேண்டாம்."